230 வோல்ற் பிறந்த கதை

எங்கள் ஊர் வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்திறங்கும்போது பெட்டிகளும் கூடவே வந்திறங்கும். அப்படி ஒரு பொங்கலுக்கு வந்த மச்சான், பெட்டியைத் திறந்து ஒரு மின்வாளை எடுத்து என் கையில் தந்தார். ரொறன்ரோவில் கழிவு விலைக்குப் போட்டிருந்ததைக் கண்டு என் நினைவு வந்ததாம். வீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருக்கும் தச்சுக்கொட்டிலில் வேப்பம்பலகை ஒன்று அறுக்கக் கிடந்தது. அந்த வாளின் தட்டை முள்ளுப் பிளக்கை ஓர் அடப்ரரில் செருகி, அடப்ரரைச் சுவரில் குத்தி, விசையை அழுத்தினேன். வாள் அலறியது. வழமையான இரைச்சலை விட நன்றாக உயர்ந்த ஓர் அலறல். காற்றுத் துவாரங்களுக்குள் நீலப் பொறி தெரிந்தது. பிறகு வார்னிஷ் எரியும் மணம். பலகையில் ஒரு சாண்கூட அறுபடவில்லை.

முல்லைத்தீவில் மோட்டர் சுற்றும் தம்பி ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் அதைக் கழற்றவே இல்லை. பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்னத் தகட்டை விரலால் துடைத்துக் காட்டினார். 120 வோல்ற், 60 ஹேட்ஸ் என்று அதில் இருந்தது.

"அண்ணை, இது கனடாக் கறண்டுக்குச் செய்த சாமான். நீங்கள் நேர இருநூற்று முப்பதிலை குத்திப்போட்டியள். ஆமேச்சர் போட்டுது. இனி இதுக்குச் சிலவழிக்காதேங்கோ."

அடுத்த வருசம் லண்டனில் கட்டட வேலை செய்யும் என் பெறாமகன் ஒரு கிறைண்டர் அனுப்பினான். அதன் பிளக் மஞ்சள் நிறம், கைப்பிடி அளவு பருமன், வட்டமான மூன்று முள்ளு. இம்முறை தகட்டை முதலில் பார்த்தேன். 110 வோல்ற். லண்டன் வீடுகளில் நம்மைப் போலத்தான் 230 வருகிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். அங்கிருந்து எப்படி 110 வந்தது? கனடாவுக்கு ஏன் 120? நமக்கு ஏன் 230? யார், எப்போது, எதைப் பார்த்து இந்த எண்ணைத் தீர்மானித்தார்கள்? எரிந்த வாளை மேசையில் வைத்துக்கொண்டு அன்று தொடங்கிய தேடலின் பயன் இந்தக் கட்டுரை.

இந்த எண்ணைப் பெற்றெடுத்தது விளக்கு. வாளும் ட்றில்லும் பல வருசம் கழித்துத்தான் வந்தன. வந்தபோது விளக்குக்காக இழுத்த கம்பியிலேயே அவை தொற்றிக்கொண்டன.

1882 செப்டெம்பர் 4ஆம் திகதி நியூயோர்க் நகரத்தின் பேர்ள் வீதியில் தோமஸ் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அது விற்ற பொருள் வெளிச்சம் ஒன்றுதான். வாயு விளக்குக்குப் போட்டியாக வந்த வெளிச்சம். குமிழுக்குள் இருந்த இழை காபன். மின்னழுத்தத்தை, அதாவது வோல்ற்றைக் கூட்ட வேண்டுமென்றால் இழையை இன்னும் நீளமாக, இன்னும் மெல்லியதாகச் செய்ய வேண்டும். காபன் இழை அப்படி மெலிந்தால் உடைந்துவிடும். அழுத்தத்தைக் குறைத்தாலோ, அதே வெளிச்சத்துக்குக் கூடிய மின்னோட்டம் வேண்டும், கூடிய ஓட்டத்துக்குத் தடித்த செப்புக் கம்பி வேண்டும், செம்பு விலை கூடியது. உடையாத இழைக்கும் வாங்கத்தக்க செம்புக்கும் நடுவில் எடிசன் கண்ட இடம் ஏறத்தாழ 100 வோல்ற். கம்பி வழியில் இழப்பதற்குச் சற்றுச் சேர்த்து 110. பேரம் பேசி முடித்த விலை போன்றது அந்த எண். இயற்கை விதி எதுவும் அதில் இல்லை.

வோல்ற் என்பதை நான் விளங்கிக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன், மிச்சக் கதைக்கு அது தேவை. தண்ணிமுறிப்புக் குளத்துத் தண்ணீரை நினையுங்கள். குளத்தில் நீர் நிற்கும் உயரம் வோல்ற். வாய்க்காலில் ஓடும் நீரின் அளவு அம்பியர். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வேலை செய்யும் வலு, அதாவது வாற். உயரம் இரு மடங்கானால் பாதி நீரே அதே வேலையைச் செய்யும். மின்கம்பியில் இன்னொரு விசேடம் உண்டு: ஓட்டம் பாதியானால் கம்பி சூடேறி வீணாகும் சக்தி காற்பங்காகக் குறையும். மின்சாரக் கம்பனிகள் எல்லாம் உயர்ந்த வோல்ற்றை நோக்கி ஓடியதன் காரணம் இந்த ஒரு கணக்குத்தான்.

எடிசனுக்கும் அது தெரியும். ஆனால் குமிழ் 110க்கு மேல் தாங்காது. அப்போதுதான் இந்தக் கதையின் மிக அழகான யோசனை பிறந்தது. இங்கிலாந்தில் ஜோன் ஹொப்கின்சனும் அமெரிக்காவில் எடிசனும் தனித்தனியே, ஏறக்குறைய ஒரே காலத்தில் அதைக் கண்டார்கள். இரண்டு கம்பிக்குப் பதில் மூன்று கம்பி. நடுக்கம்பிக்கும் ஒவ்வொரு ஓரக்கம்பிக்கும் இடையில் 110. ஓரக்கம்பிகள் இரண்டுக்கும் இடையில் 220. குமிழ்களை இரு பக்கமும் சமமாகப் பங்கிட்டுவிட்டால் நடுக்கம்பியில் ஓட்டம் அநேகமாக இல்லை. கம்பி ஒன்று கூடியும் செம்பு குறைந்தது: முன்பு 100 இறாத்தல் செம்பு வேண்டிய தெருவுக்கு இப்போது 37½ இறாத்தல் போதும். 220 என்ற எண் உலகத்துக்கு வந்தது இப்படி, இரண்டு ஓரக்கம்பிகளின் நடுவில், யாருடைய குமிழுக்கும் நேரடியாகப் போகாத ஒரு வோல்ற்றாக.

அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது பேர்லின். 1890களின் இறுதியில் குமிழ் செய்யும் கலை வளர்ந்து, 220 வோல்ற்றைத் தாங்கும் இழைகள் கிடைத்தன. பேர்லின் நகரத்து மின்கம்பனிக்கு ஒரு நெருக்கடி. வாடிக்கையாளர் பெருகிவிட்டார்கள், தெருவுக்கு அடியில் புதைத்த கம்பிகள் போதவில்லை. புதுக் கம்பி புதைக்க வேண்டும், இல்லையேல் வோல்ற்றைக் கூட்ட வேண்டும். 1899இல் கம்பனி வோல்ற்றை இரு மடங்காக்கத் தீர்மானித்தது. வீடுகளில் இருந்த பழைய குமிழ்களையும் கருவிகளையும் மாற்றும் செலவை, செம்பில் மிச்சம் பிடித்த பணம் ஈடுசெய்தது. ஜேர்மனியின் மற்ற நகரங்களும், பிறகு ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பேர்லினைப் பின்பற்றின.

அமெரிக்கா ஏன் பின்பற்றவில்லை? முந்திக்கொண்டதனால்தான். அதற்குள் அங்கே 110இல் எரியும் குமிழ்கள் ஏராளமான வீடுகளுக்குப் போய்விட்டன. அத்தனையையும் தூக்கி எறிய யாரும் தயாராக இல்லை. 110 மெல்ல மெல்ல ஊர்ந்து 120இல் நிற்கிறது, அவ்வளவுதான் மாற்றம். கனடாவும் அந்தக் கூட்டத்திலேயே நின்றது. என் வாள் எரிந்ததன் வேர் அங்கே இருக்கிறது.

விளக்கென்றால் எங்கள் ஊருக்கு வேறொரு நினைவும் வரும். முல்லைத்தீவுத் தீர்த்தக்கரையில் எடுத்த கடல்நீரில், முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு எரித்து, பின் வற்றாப்பளைக்குக் கொண்டுவருவது கண்ணகை அம்மன் பொங்கலின் மரபு. மதுரையை எரித்து வந்தவள் ஆறியமர்ந்த பத்தாவது இடம் இது என்பார்கள் பெரியவர்கள். அந்த விளக்கை அண்ணாந்து பார்த்து வளர்ந்த ஊருக்கு மின்விளக்கு மிகவும் பிந்தித்தான் வந்து சேர்ந்தது.

இலங்கையில் மின்சாரத்தின் தொடக்கம் கொழும்புக் கோட்டை. 1895இல் பூஸ்ரெட் சகோதரர்கள் என்ற வணிக நிறுவனம் பிறிஸ்ரல் கட்டடத்தில் ஒரு சிறு மின்நிலையம் அமைத்தது. 1918இல் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், மலைநாட்டு அருவிகளின் நீரில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு ஆய்வுரை படித்தார். லக்சபான நிலையம் இயங்கியது 1950இல். ஒரு மனிதர் சொன்ன கணக்கு நிறைவேற முப்பது வருசத்துக்கு மேல் பிடித்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். இலங்கை மின்சார சபை 1969 நவம்பர் 1ஆம் திகதி உருவானது. நாம் பிரித்தானியாவின் கையில் இருந்ததால் வீட்டுக்கு இருநூறுக்கு மேற்பட்ட வோல்ற், நொடிக்கு 50 துடிப்பு (50 ஹேட்ஸ்), வட்ட முள்ளுப் பிளக், சதுர முள்ளுப் பிளக் எல்லாமே அவர்கள் வழியில் வந்தன.

எங்கள் வன்னிக்கு மின்சாரம் வந்த பாதை வேறு. உள்நாட்டுப் போர் வடக்கை நாட்டின் மின்வலையிலிருந்து அறுத்துவிட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் பொன் மாதிரி. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்ச எண்ணெய், மெல்லிய திரி: அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ கக்கும் 6 வோல்ற்றில் வானொலிச் செய்தி கேட்டோம். எங்கள் தலைமுறை கையால் தொட்டு அறிந்த முதல் வோல்ற் அந்த ஆறுதான். மரவேலை முழுவதும் கையால். ஐயாவின் சீவுளி, வாள், உளி, துறப்பணம். துறப்பணத்தின் கயிற்றை ஒருவர் இழுக்க இன்னொருவர் அழுத்திப் பிடிப்பார். பனஞ்சிலாகையில் ஒரு துளை போடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஜெனரேற்றர் வைத்திருந்த ஒரு சிலரின் பட்டறைகளில் மட்டும் மின்கருவிகள் ஓடின.

2009 மே மாதம் நந்திக்கடலின் கரையில் போர் முடிந்தது. இடம்பெயர்ந்து தங்கிய முகாம்களிலிருந்து நாங்கள் திரும்பியபோது கூரையுள்ள வீடு குறைவு, கதவு நிலையுள்ள வீடு அதிலும் குறைவு. ஐயாவின் சீவுளி போன இடம் தெரியாது. பிறகு மின்கம்பங்கள் வந்தன. 33,000 வோல்ற் கம்பி வீதியோரம் வர, அதை 400ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர்கள் சந்திகளில் ஏறின. ஓடாவிமாருக்கு இரவுபகலாக வேலை. ஊரே கதவும் யன்னலும் கேட்டுக்கொண்டிருந்தது. மின்வாளும் பிளேனரும் எங்கள் பக்கக் கொட்டில்களுக்குள் பெருமளவில் நுழைந்தது அந்த நாட்களில்தான்.

கருவிகளின் வரலாற்றுக்குச் சுருக்கமாகப் போய்வருவோம். 1889இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் ஆதர் ஆர்நொட் மின்சாரத் துறப்பணத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது நிலையான இயந்திரம். 1895இல் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கிப் பிடிக்கும் ட்றில்லைச் செய்தது. எடை ஏழரைக் கிலோ. நெஞ்சால் முட்டுக்கொடுத்துத் துளைக்க வேண்டும். அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர், துப்பாக்கிப் பிடியும் விரல் விசையும் கொண்ட ட்றில்லுக்கு 1917இல் காப்புரிமை பெற்றது. இன்று நம் கையில் இருக்கும் எல்லா ட்றில்லுக்கும் மூத்த அண்ணன் அதுதான். இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் எவரும் வோல்ற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. சுவரில் ஏற்கனவே விளக்குக்காக வந்து நின்ற வோல்ற்றுக்கு மோட்டரைச் சுற்றினார்கள். அமெரிக்காவில் 110க்கு, ஐரோப்பாவில் 220க்கு.

கைக்கருவிக்குள் இருப்பது காபன் பிரஷ் உள்ள மோட்டர். அதற்குத் துடிப்பு 50ஆ 60ஆ என்பது பெரிதாகப் பொருட்டில்லை. வோல்ற் மாறினால்தான் அதற்கு ஆபத்து. 120க்குச் சுற்றிய சுருளில் 230 பாய்ந்தால் ஓட்டமும் அதே அளவுக்கு எகிறும், சூடு நான்கு மடங்கை நெருங்கும். என் வாள் அலறியதும் எரிந்ததும் அதனால்தான். மேசையில் பூட்டும் வட்டவாள், சாணைக்கல், கொம்பிரசர் போன்றவற்றில் பெரும்பாலும் பிரஷ் இல்லாத தூண்டல் மோட்டர் இருக்கும். அதற்குத் துடிப்பும் முக்கியம். 60 துடிப்புக்குச் செய்தது 50இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், சூடும் கூடும். சுவரில் குத்த உதவும் அடப்ரர் முள்ளின் வடிவத்தை மட்டும் மாற்றுகிறது. வோல்ற்றை அது தொடுவதில்லை. இந்த ஒரு வரி எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் மச்சானின் அன்பளிப்பு இன்றும் மரம் அறுத்துக்கொண்டிருக்கும்.

இனி 230. பேர்லின் தந்தது 220. பிரித்தானியாவோ நகரத்துக்கொரு வோல்ற்றாகச் சிதறிக் கிடந்து, கடைசியில் 240இல் ஒன்றுபட்டது. ஐரோப்பா ஒரே சந்தையாகத் திரண்டபோது இது இடைஞ்சல். 220க்குச் செய்த கேத்திலை லண்டனில் விற்பதா, 240க்குச் செய்த குமிழைப் பாரிசில் விற்பதா? 1983இல் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் இரண்டுக்கும் நடுவில் 230ஐ எழுதியது. மூன்று முனை (திரீ பேஸ்) இணைப்புக்கு அதன் 1.732 மடங்கு, ஏறத்தாழ 400. பிரித்தானியா 1995 சனவரி 1 முதல் சட்டப்படி 230க்கு மாறியது. மாறியது என்று சொல்வது தாளில்தான். அங்கே 230க்கு மேலே 10 வீதம் வரை, கீழே 6 வீதம் வரை போகலாம் என்று இடம் விட்டார்கள். ஐரோப்பாவின் மற்றப் பக்கத்தில் அந்த நாட்களில் மேலே 6, கீழே 10. அதனால் லண்டனின் 240உம் பாரிசின் 220உம் ஒரே எண்ணுக்குள் அடங்கின. ஒரு ட்ரான்ஸ்ஃபோமரையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. நாடுகள் சண்டையின்றி ஒத்துப்போன இந்தத் தீர்வை நான் மதிக்கிறேன். கருவி செய்பவர்கள் அந்த முழு இடைவெளியையும் தாங்குமாறு செய்யத் தொடங்கினார்கள். 220 முதல் 240 வரை, 50 ஹேட்ஸ் என்று தகட்டில் கண்டால் நாம் யோசிக்காமல் வாங்கலாம்.

இலங்கையின் விதி 230, ஆறு வீதம் கூடக் குறைய. அதாவது 216இலிருந்து 244 வரை.

அப்படியானால் லண்டன் கிறைண்டரின் 110? பெறாமகனைத் தொலைபேசியில் கேட்டேன். "சித்தப்பா, வீட்டிலை 230தான். சைற்றிலை மட்டும் மஞ்சள் பெட்டி வைச்சுத்தான் வேலை" என்றான். பிரித்தானியக் கட்டட வேலைத்தளங்களில் சுவர் வோல்ற்றை 110ஆகக் குறைக்கும் மஞ்சள் ட்ரான்ஸ்ஃபோமர் வைப்பது வழக்கம். அதன் நடுப்புள்ளி நிலத்தோடு இணைந்திருக்கும். அதனால் எந்தக் கம்பியைத் தொட்டாலும் உடம்புக்கும் நிலத்துக்கும் இடையில் 55 வோல்ற்தான். எடிசனின் மூன்று கம்பி யோசனை வேறு வேடத்தில் வந்து உயிர்காக்கிறது. ஈரம், சேறு, இரும்புச் சாரம், மிதிபட்டுக் கிழியும் வயர் எல்லாம் உள்ள இடத்தில் அந்த வித்தியாசம் பெரிது. நனைந்த உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ற் செலுத்துவது 230 மில்லி அம்பியர். 55 வோல்ற் செலுத்துவது 55. நெஞ்சைக் குலைக்க 230 தாராளமாகப் போதும்.

அப்படியென்றால் நாமும் கொட்டிலில் 110 வைத்துக்கொள்வது நல்லதா? இந்தக் கேள்வியை ஊரில் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வீட்டுப் பட்டறைக்கு வேண்டாம் என்பது என் முடிவு. கணக்கைப் பாருங்கள். 50 மீற்றர் நீட்டு வயர், ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் செம்பு. போய்வரும் தடை 1.2 ஓம். 2000 வாற் கருவி 230இல் ஏறத்தாழ 9 அம்பியர் எடுக்கும், வயரில் இழப்பது 10 வோல்ற் அளவு, கருவிக்கு அது தெரியாது. அதே கருவி 110இல் 18 அம்பியர் எடுக்கும், இழப்பது 22 வோல்ற். ஐந்தில் ஒரு பங்கு வயரைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். தடித்த வயர் வாங்க வேண்டும், ஒருவர் தூக்கத் திணறும் ட்ரான்ஸ்ஃபோமரும் வாங்க வேண்டும். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் கருவி எதுவும் அதில் ஓடாது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக் கராஜில் மரவேலை செய்பவர்கள் எதிர்த் திசையில் யோசிக்கிறார்கள். அவர்களின் வீட்டுக்கு வருவது இன்றும் எடிசனின் மூன்று கம்பிதான், 120உம் 120உம். அடுப்புக்கு இரண்டையும் சேர்த்து 240. சாதாரணச் செருகியில் 15 அம்பியர், 1800 வாற். பெரிய மேசைவாளுக்கு அது போதாமல் பணம் கொடுத்துத் தனிக் கம்பி இழுத்து 240க்கு மாற்றுகிறார்கள். இரண்டு வோல்ற்றுக்கும் சுற்றிய மோட்டர் 240க்கு மாறினால் பலம் கூடிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பலம் அதேதான். ஓட்டம் பாதியாகிறது, கிளம்பும்போது வோல்ற் தள்ளாடுவது குறைகிறது. நமது 13 அம்பியர்ச் செருகியோ பிறந்ததிலிருந்தே 3000 வாற்றைத் தாங்குகிறது. அவர்கள் செலவழித்துப் பெறுவது நமக்குச் சுவரில் சும்மா இருக்கிறது. பேர்லின் கம்பனி செம்பை மிச்சம் பிடிக்கப் போட்ட கணக்கு, வற்றாப்பளைத் தச்சனுக்குக் கிடைத்த சீதனம் என்று சொல்வேன்.

யப்பானிலிருந்து பாவித்த சாமான்களாக வரும் கருவிகளிலும் கவனம் வேண்டும். அங்கே வீட்டுக்கு 100 வோல்ற். நாட்டின் கிழக்கில் 50 துடிப்பு, மேற்கில் 60. 1890களில் டோக்கியோ ஜேர்மன் இயந்திரத்தையும் ஒசாக்கா அமெரிக்க இயந்திரத்தையும் வாங்கியதன் விளைவு, இன்றுவரை நாடு இரண்டாகவே நிற்கிறது. மலிவென்று வாங்கிய 100 வோல்ற் யப்பான் வெல்டிங் பிளான்ற் ஒன்று நம் சுவரில் முதல் நாளிலேயே முடிந்துபோகும்.

230 நமக்குச் சரியான எண் என்றாலும், அது எப்போதும் 230ஆக வந்து சேருவதில்லை. ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்தில், கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளில், மாலை எல்லோரும் தண்ணீர்ப் பம்பும் விளக்கும் போடும் நேரத்தில் வோல்ற் இறங்கும். என் கொட்டிலில் அதற்கு அடையாளம் குமிழ் மங்குவது. பிரஷ் மோட்டர் குறைந்த வோல்ற்றில் சோர்ந்து ஓடும், பெரிய தீங்கில்லை. தூண்டல் மோட்டர் அப்படியல்ல. சுமையோடு அதைக் குறைந்த வோல்ற்றில் ஓட்டினால் கூடிய ஓட்டம் இழுத்துச் சூடேறும். கிளம்ப முடியாமல் முனகிக்கொண்டு நிற்கும்போது உடனே நிறுத்திவிட வேண்டும். நான் மேசைவாளைக் காலையில்தான் ஓட்டுவேன். முதிரைப் பலகை போல வைரம் பாய்ந்த மரத்தைப் பெரிய அளவில் அறுத்து விற்பவருக்கு மூன்று முனை இணைப்பு ஏற்றது. வீட்டுக் கொட்டிலுக்கு 30 அம்பியர் ஒற்றை முனை தாராளம்.

55 வோல்ற்றின் பாதுகாப்பை வேண்டாம் என்று ஒதுக்கிய பிறகு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தே ஆக வேண்டும். அது ட்றிப் சுவிச். 30 மில்லி அம்பியர் நிலத்துக்குக் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அது விழுந்துவிடும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். அடிக்கடி விழுகிறதென்று அதை விலக்கி நேராக வயர் கொடுத்த பட்டறைகளைக் கண்டிருக்கிறேன். விழுவது அதன் குற்றமில்லை, எங்கோ வயர் கசிகிறது. நந்திக்கடல் உப்புக்காற்று செருகியின் செம்பை அரிக்கும் எங்கள் ஊரில் கசிவு அரிதான விடயமும் இல்லை. எர்த் கம்பி உண்மையாகவே மண்ணுக்குள் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கருவியின் தகட்டில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் இருந்தால் அதற்கு இரட்டைக் காப்பு உண்டு, எர்த் தேவையில்லை. அதை மழையில் பிடிக்கலாம் என்று மட்டும் யாரும் பொருள் கொள்ள வேண்டாம்.

மழைக்காலத்தில், கிணற்றடியில், கூரை மேல் வேலையென்றால் நான் எடுப்பது பற்றரி ட்றில். 18 வோல்ற். சுவரோடு அதற்குத் தொடர்பே இல்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது கொட்டிலில் ஓடியது அது ஒன்றுதான். சார்ஜர்கள் பல 100 முதல் 240 வரை ஏற்கும். ஆனால் எல்லாம் அல்ல. அதற்கும் தகட்டைப் பார்க்கத்தான் வேண்டும். கனடாவில் விற்கும் சார்ஜர்களில் 120 மட்டும் எழுதியவை நிறைய உண்டு.

லண்டன் கிறைண்டரைப் பெறாமகன் அடுத்த முறை வந்தபோது திருப்பிக் கொடுத்தேன். அங்கே அதற்கு வேலை இருக்கிறது. மச்சானின் வாளில் தகடு மட்டும் மிஞ்சியது. அதைக் கழற்றிக் கொட்டிலின் பிரதான சுவிச்சுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன், பழகவரும் பிள்ளைகள் முதலில் பார்க்கும் இடத்தில்.

வெளிநாட்டில் இருந்து கருவி வாங்கி அனுப்ப நினைக்கும் உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் உழைப்பின் காசு அது, எங்கள் கைக்கு வேலை தரப்போகும் பொருளும் அது. பெட்டி கட்டுமுன் பக்கவாட்டில் உள்ள அந்தத் தகட்டைப் படியுங்கள். 220, 230, 240 இவற்றில் ஒன்றும், கூடவே 50 ஹேட்ஸும் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை அனுப்புங்கள், முல்லைத்தீவுக் கடையில் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.